ஒன்றாம் நம்பர் கிணறு

பியூரெட்டின் குழாயை மெல்லத் திறந்தேன். வெள்ளி நைட்ரேட் சொட்டுச் சொட்டாகக் குடுவைக்குள் விழுந்தது. குடுவையில் இருந்தது எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். நிறம் காட்டுவதற்கான மருந்தை ஏற்கெனவே கலந்திருந்ததால் எலுமிச்சை மஞ்சளாக இருந்தது. தண்ணீரில் உப்பு இருந்தால் விழுகிற ஒவ்வொரு சொட்டும் வெள்ளையாகத் திரியும். இருக்கிற உப்பெல்லாம் தீர்ந்த பிறகுதான் மஞ்சள் போய்ச் செங்கல் நிறம் வரும். எங்கள் கிணற்றுக்கு ஒரு பியூரெட் போதாது, நடுவில் இன்னொரு தடவை நிரப்ப வேண்டியிருக்கும் என்று மருந்து பாட்டிலைத் திறந்தே வைத்திருந்தேன்.

நாலைந்து சொட்டிலேயே செங்கல் நிறம் வந்துவிட்டது.

குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. அருமையான குடிதண்ணீர்.

அன்று காலை அதே கிணற்றில் மொண்டுதான் தலைக்குக் குளித்துவிட்டு பஸ் ஏறியிருந்தேன். முடி காய்ந்து தேங்காய்நார் மாதிரி நின்றது. சீப்பு உள்ளே போனால் வெளியே வர மாட்டேன் என்றது. சோப்புப் போட்டால் நுரைக்காமல் பிசுபிசுவென்று ஒட்டுகிற தண்ணீர் அது. வாயில் விட்டால் அப்படியே துப்பத்தான் வேண்டும். என் தலைமுடி ஒன்று சொல்கிறது, குடுவை வேறொன்று சொல்கிறது.

குடுவையைக் கழுவிவிட்டு மறுபடியும் செய்தேன். மறுபடியும் அதே நாலைந்து சொட்டு. மேற்படிப்புக்கு நான் அனுப்ப வேண்டிய அறிக்கை முழுக்க அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருந்தது.

கல் இல்லாத ஊரில் கல் படிப்பு

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. நான் வேதியியலில் பட்டம் முடித்துவிட்டு, மரக்காணம் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சென்னையில் புவி அறிவியலும் சுற்றுச்சூழலும் சேர்த்துச் சொல்லித்தருகிற ஒரு முதுநிலைப் படிப்பு இருந்தது. அதில் சேர்ந்தே தீருவது என்று முடிவு செய்திருந்தேன்.

ஏன் அந்தப் படிப்பு என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். பெரிய காரணம் ஒன்றுமில்லை. கடல் உள்ளே வந்து போன பிறகு எங்கள் தெருவுக்குக் கையில் கருவியோடு நிறையப் பேர் வந்தார்கள். ஒரு குழுவில் வந்த அக்கா எங்கள் கிணற்றில் மீட்டரை இறக்கி ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டார். என்ன எண் அது என்று கேட்டேன். 'அதிகம்மா' என்று அன்பாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். என் வீட்டுக் கிணற்றின் எண் எனக்குத் தெரியாமல் ஜீப்பில் போகிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரம்தான் காரணம்.

நுழைவுத் தேர்வில் பாதி வேதியியல், பாதி நிலவியல். நிலவியல் எனக்கு அ, ஆ கூடத் தெரியாது. கூனிமேட்டிலிருந்து என்னோடு கல்லூரிக்கு வந்த ஷாஹிதா அவளுடைய உறவுக்காரப் பையனின் பழைய புத்தகங்களை வாங்கிக் கொடுத்தாள். புத்தகம் முழுக்கப் பாறைகள். எங்கள் ஊரிலோ தோண்டத் தோண்ட மணல்தான். ஒரு கூழாங்கல் வேண்டுமென்றாலும் மேற்கே பஸ் ஏறித்தான் போக வேண்டும்.

அதனால் ஊருக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்த கற்களைத் தேடிப் போனேன். கடலரிப்பைத் தடுக்கக் கரையில் கொட்டி வைத்திருந்த பாறைகள்மேல் ஏறி உட்கார்ந்து, பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வலை காயப்போட வந்தவர்கள் ஏதோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்துத் தாங்களும் கொஞ்ச நேரம் தேடிவிட்டுப் போனார்கள். கடினத்தைச் சோதிக்க எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லை ஆணியால் கீறினேன், அப்புறம் கண்ணாடித் துண்டால் கீறினேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"ஆட்டுக்கல்லு கொத்தற வேலைக்காடி உன்ன காலேஜுக்கு அனுப்பனோம்?"

அப்பா மட்டும் சிரித்தார். அவர் உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர். பாத்தியில் செருப்புப் போட்டுக்கொண்டு இறங்க முடியாது. உப்பு வாரி வாரிக் குதிகாலெல்லாம் பாளம் பாளமாக வெடித்திருக்கும். ராத்திரி வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே, 'எதையாவது படிச்சிக்கோ, செருப்பு போட்டுக்கிட்டுப் பாக்கற வேலையா இருந்தா சரி' என்பார். கல்லூரியில் சேர்ந்ததற்கோ, தேர்வானதற்கோ அவர் சொன்ன ஒரே வாழ்த்து அதுதான். உப்புநீர் வற்றி வற்றிப் படிகிற பாறைகளைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு பாடம் வந்தது. அந்த ஒரு பாடத்தை மட்டும் நான் மனப்பாடம் செய்யவே இல்லை. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்ததையே எழுதினேன்.

பாட்டில் விட்டு வந்த கதை

தேர்வுக்கு அப்புறம் நேர்காணல். அதற்கு முன்னால் ஒரு சின்ன அறிக்கை அனுப்ப வேண்டும். உங்கள் ஊரில் ஒரு பிரச்சினை, அதைப் பற்றி நீங்களே திரட்டிய தகவல், நாலைந்து பக்கம். நேர்காணலில் அதை வைத்துத்தான் குடைவார்கள் என்று கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த கெமிஸ்ட்ரி மேடம் சொன்னார். கோடை விடுமுறையில் ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிடச் சொல்லி, மருந்தும் தந்தவர் அவர்தான்.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் தெரு கிழக்கு மேற்காக நீண்ட தெரு. கிழக்கே கடல். மேற்கே, பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் உப்பளம். நடுவில் வீட்டுக்கு வீடு கிணறு. கிணறுகளில் இருக்கும் உப்பு கடல் பக்கமிருந்து வந்ததா, உப்பளப் பக்கமிருந்து வந்ததா? இதுதான் என் கேள்வி. கடலுக்குப் பக்கத்துக் கிணற்றில் அதிகமும் மேற்கே போகப் போகக் குறைவாகவும் இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு.

சுனாமிக்கு முன்னால் அந்தக் கிணறுகள் இளநீர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குடிக்கலாம், சமைக்கலாம். கடல் உள்ளே வந்த பிறகு சில அமைப்புக்காரர்கள் மோட்டார் வைத்து இறைத்துக் கொடுத்தார்கள். இறைக்க இறைக்க உப்புதான் ஊறியது. அதிலிருந்து குடிக்கவும் சமைக்கவும் பஞ்சாயத்து லாரித் தண்ணீர். லாரி ஹாரன் சத்தம் கேட்டால் போதும், தெருவில் பச்சை, ஆரஞ்சு, நீலமென்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசைக்கு ஓடும்.

காலையில் கடைக்குப் போகும் அவசரத்தில் வீடு வீடாக நின்று தண்ணீர் இறைக்க எனக்கு நேரமில்லை. அதனால் கழுவிக் காயவைத்த பாட்டில்களில் பிளாஸ்திரி ஒட்டி, அவரவர் பெயர் எழுதி, வீட்டுக்கொன்று கொடுத்துவிட்டுப் போனேன். 'உங்க கெணத்துத் தண்ணி புடிச்சி வெச்சிடுங்க, சாயங்காலம் வாங்கிக்கறேன்' என்றேன். எல்லாரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் போனால் ஒவ்வொரு பாட்டிலும் துடைத்து, மூடி இறுக்கி, தயாராக இருந்தது. ஒரு வீட்டில் வெட்டிவேர் போட்டே வைத்திருந்தார்கள். சென்னைக்குப் போகிற தண்ணீராயிற்றே, வாசனையாக இருக்கட்டும் என்றார் அந்த அம்மா. அதை மட்டும் மனசுக்குள் நன்றி சொல்லி ஒதுக்கிவிட்டேன்.

இப்படிச் சேர்த்த தண்ணீர்தான் ஆய்வுக்கூடத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தது. கடலை ஒட்டிய வீட்டில் நல்ல தண்ணீர். அதற்கு அடுத்த வீட்டில் கொடுமையான உப்பு. நடுத்தெருவில் உப்பு, நல்ல தண்ணீர், நல்ல தண்ணீர், உப்பு. எங்கள் வீடு, மேற்குக் கோடி, நல்ல தண்ணீர். கிழக்குமில்லை, மேற்குமில்லை, ஒரு ஒழுங்குமில்லை. மருந்து கெட்டுவிட்டதோ என்று புதிதாகக் கரைத்தேன். குடுவையில் கோளாறோ என்று மாற்றினேன். என் கண்ணில் கோளாறோ என்று மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மேடம் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புரியாததைப் புரியலைன்னு எழுதி அனுப்பினா சீட்டுக் கிடைக்காதும்மா. இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. வேற தலைப்புக்கு மாறிடு" என்றார்.

மாற மாட்டேன் என்றேன். பிடிவாதத்துக்கு நான் பேர் போனவள். அன்று பஸ்ஸில் வரும்போது அந்தப் பிடிவாதம் எதன் மேல் நிற்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

பிளீச்சிங் பவுடர் வாசனை

வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த எங்கள் பாட்டிலை எதற்கோ திறந்தேன். மூக்கில் சுருக்கென்று ஏறியது. பிளீச்சிங் பவுடர். ஆய்வுக்கூடத்தில் அத்தனை நெடிக்கு நடுவே இது எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. எங்கள் தெருவில் அந்த வாசனை வருகிற தண்ணீர் ஒன்றே ஒன்றுதான். லாரித் தண்ணீர்.

மற்ற பாட்டில்களையும் வரிசையாகத் திறந்து முகர்ந்தேன். எதெல்லாம் நல்ல தண்ணீரோ அதிலெல்லாம் பிளீச்சிங் பவுடர்.

அறிக்கைக்காக வரைந்து வைத்திருந்த தெருவின் படத்தை எடுத்துத் தரையில் விரித்தேன். பிளீச்சிங் வாசனை வந்த வீடுகளுக்கெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். அஞ்சலை அத்தை வீடு. எங்களுக்கு எதிர்வீடு, அவருக்கு இரண்டு பையன்கள். தையல்கார மாமா வீடு, ஒரே பையன், மெக்கானிக். எங்கள் வீடு, ஏழுமலை அண்ணன். உப்பு லோடு லாரி ஓட்டுகிறான், என்னைவிட நாலு வயது மூத்தவன். இப்படியே போனது. வட்டம் போடாத வீடுகளைப் பார்த்தேன். ஒன்றில் மூன்றும் பெண்கள். இன்னொன்றில் பிள்ளையே இல்லை. கடலை ஒட்டி இரண்டாவது வீட்டில் மட்டும் பையன் உண்டு. அந்த வீட்டுத் தண்ணீர்தான் எல்லாவற்றிலும் உப்பு.

அந்தப் பையனுக்குப் போன மாசம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

படத்தின் மேலேயே படுத்துக்கொண்டு சிரித்தேன். கல்யாணமாகாத ஆண்பிள்ளை இருக்கிற வீட்டுக் கிணறுகள் மட்டும் இனிக்கின்றன. கடலும் காரணமில்லை, உப்பளமும் காரணமில்லை. இதை எந்தப் பாடப்புத்தகத்தில் தேடுவது?

அம்மா சொன்ன காரணம்

அம்மா கிணற்றடியில் உட்கார்ந்து மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பாட்டிலை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவள் நிமிரவில்லை.

"ஆமா, லாரித் தண்ணிதான் ஊத்தனேன். இப்ப இன்னா?"

"ஏம்மா?"

"உங்கண்ணனுக்குக் கல்யாணம் ஆவ வேணாமா?"

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சுனாமிக்குப் பிறகு அண்ணனுக்கு இரண்டு இடம் வந்து இரண்டும் தட்டிப்போயிருந்தது. ஜாதகத்தில் குறை, சின்ன வீடு என்று என்னிடம் ஏதேதோ காரணம் சொல்லியிருந்தார்கள். உண்மையில் இரண்டு பேரும் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். பெண்ணைக் கொடுத்துவிட்டு, அவள் குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்துக் கிடப்பதைப் பார்க்கவா என்று ஒரு பெண்ணின் அப்பா முகத்துக்கு நேரே கேட்டாராம். தெருவில் எல்லா வீட்டுக்கும் இதே கதைதான். அதனால் யாரும் பேசி வைத்துக்கொள்ளாமலே ஒரு ஏற்பாடு. வெளியூர்க்காரர் யார் கேட்டாலும், 'இப்ப பரவால்ல, தண்ணி மாறிடுச்சி' என்பது.

இந்த நேரம் பார்த்து நான் பெயர் எழுதிய பாட்டிலோடு போய் நின்றிருக்கிறேன்.

பெயரே போட மாட்டேன், நம்பர்தான் போடுவேன் என்றேன். அந்தப் படிப்பு கிடைக்கவில்லையென்றால் காலம் முழுக்க ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்றேன். அம்மா மீனின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துப் போட்டாள். செஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வருகிறது, ஆடி பிறப்பதற்குள் வீடு பார்க்க வருகிறார்கள், அது முடிகிற வரைக்கும் இந்தக் கிணற்றில் யாரும் பாட்டிலை இறக்கக் கூடாது என்றாள்.

"நீ எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவ. அவன் இங்கதானடி இருக்கணும்."

எனக்கு அந்த வார்த்தை தைத்தது. அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாததால்தான் அப்படித் தைத்தது.

மற்ற வீடுகளையாவது முடிக்கலாம் என்று மறுநாள் நானே வாளியும் கயிறுமாகக் கிளம்பினேன். முதலில் அஞ்சலை அத்தை. அவர் வாசலில் நின்று கையைக் கட்டிக்கொண்டார். "மொதல்ல உங்க ஊட்டுத் தண்ணிய எடு. உங்கம்மாவே வந்து என்கிட்ட சொல்லட்டும். அப்பறம் எங்குளுதுக்கு வா" என்றார். அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டில் நான் வருவது தெரிந்தே கதவு சாத்தியிருந்தது. தெரு முழுக்க எங்கள் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.

யாருக்கும் தெரியாமல் எங்கள் கிணற்றில் நானே ஒரு வாளி மொண்டிருக்கலாம். செய்யவில்லை. ஒரு கிணற்றை வைத்துக்கொண்டு கடலா உப்பளமா என்று சொல்ல முடியாது. அம்மா வேண்டாமென்ற தண்ணீரைத் திருட்டுத்தனமாக எடுத்துப் போய்ப் படிக்கவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஷாஹிதா போனில், பேசாமல் பூச்சிக்கொல்லி பற்றி ஏதாவது எழுதேன் என்றாள். அவளிடமும் மாட்டேன் என்றேன். அறிக்கையில் தண்ணீரின் அளவுகளுக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு மற்ற பக்கங்களை எழுதி முடித்தேன்.

வீடு பார்க்க வந்தவர்கள்

ஆனி முடிகிற சமயம். செஞ்சிப் பக்கத்துக்காரர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். பெண் வரவில்லை. பெண்ணின் அப்பா, அம்மா, சித்தப்பா, இன்னும் சில பேர்.

அம்மா விடிவதற்கு முன்பே கிணற்று ராட்டினத்திலிருந்து கயிற்றைக் கழற்றி எங்கேயோ ஒளித்துவிட்டாள். கிணற்றடியில் புது டிரம் ஒன்றில் லாரித் தண்ணீர் நிரப்பி, மேலே பித்தளைச் சொம்பைக் கவிழ்த்து வைத்திருந்தாள். அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். லாரியில் எட்டு ஊர் சுற்றி வருகிறவன், அன்றைக்குச் சொந்த வீட்டில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தான்.

பெண்ணின் அம்மா நேராகக் கிணற்றடிக்குத்தான் போனார். காலைக் கழுவப் போகிறவர் மாதிரிப் போய், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். கயிற்றைத் தேடினார். அறுந்துபோய்விட்டது, புதுசு வாங்க வேண்டும் என்றாள் அம்மா. அவர் ராட்டினத்தைப் பார்த்தார். முந்தின நாள் வரைக்கும் கயிறு ஓடிப் பளபளத்த பள்ளத்தைப் பார்த்தார். டிரம்மையும் பார்த்தார். சொம்பில் மொண்டு காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

வடை, கேசரி, காபி எல்லாம் ஆயிற்று. பேச்சு நன்றாகத்தான் போனது. பெண்ணின் அப்பாவுக்கு அண்ணனைப் பிடித்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. அப்போது பெண்ணின் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீ தண்ணியப் பத்தித்தான் படிக்கப் போறியாமே. உங்க ஊட்டுத் தண்ணி எப்பிடிம்மா இருக்குது?"

தரகர் சொல்லியிருக்க வேண்டும். அம்மாவின் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது. 'பரவால்லீங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணனுக்குக் கல்யாணம். நான் வாயைத் திறந்தேன். அந்த வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டால் வெள்ளி நைட்ரேட்டை இனிமேல் எந்த முகத்தோடு தொடுவது என்று, அந்த நேரத்தில், அப்படி ஒரு நினைப்பு ஓடியது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே ஓடியது.

"அவள ஏங்க கேக்கறீங்க, நான் சொல்றேன்" என்றான் அண்ணன். "உப்புதாங்க. வாயில வெக்க முடியாது. குடிக்கறதுக்கும் ஆக்கறதுக்கும் லாரித் தண்ணிதான். இப்ப மறைச்சிட்டா, நாளைக்கு உங்க பொண்ணு வந்து எங்கம்மாவத்தாங்க திட்டும்."

பெண்ணின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். நல்ல பிள்ளை என்றார். மனசாரத்தான் சொன்னார். குங்குமம் எடுத்துக்கொண்டார்கள். கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்று வேனில் ஏறினார்கள். சொல்லி அனுப்பவில்லை.

வேன் போன பிறகு அண்ணன் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். உனக்கு எதுக்கு இந்த வீண் வம்பு, நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன் என்று அவனிடம் சண்டைக்குப் போனேன்.

"பொய் சொல்லிட்டு அந்த ரிப்போர்ட்ட எழுதியிருப்பியா நீ?" என்றான்.

எழுதியிருக்க மாட்டேன். அது அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் லுங்கியைக் கட்டிக்கொண்டு லோடுக்குப் போய்விட்டான். நான் தோட்டத்துப் பக்கம் போய் அழுதேன்.

மூன்று தடவை கழுவிய பாட்டில்

அன்றைக்கு அம்மா யாரிடமும் பேசவில்லை. அண்ணனிடம் கோபமா, என்னிடம் கோபமா, வந்தவர்களிடம் கோபமா என்று கேட்கிற தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை. அப்பா குதிகாலுக்கு எண்ணெய் தடவுவதைக்கூடச் சத்தமில்லாமல் செய்தார்.

காலையில் ராட்டினம் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டு எழுந்தேன். கயிறு பழைய இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு வாளி இறைத்து வைத்துவிட்டு, என் பாட்டில் ஒன்றை எடுத்து அதே தண்ணீரால் அலசிக் கொட்டினாள். இன்னொரு தடவை அலசினாள். இன்னொரு தடவை. எடுக்கப்போகிற தண்ணீராலேயே பாட்டிலை மூன்று தடவை கழுவ வேண்டும், காற்றுக் குமிழி இல்லாமல் கழுத்து வரை நிரப்ப வேண்டும் என்று நான் வீட்டில் புலம்பிக்கொண்டிருந்ததையெல்லாம் அவள் காதில் வாங்கியிருக்கிறாள். ததும்ப நிரப்பி, மூடியைத் திருகி, புடவைத் தலைப்பால் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"மத்தவங்களுக்கு நம்பரு போட்டுக்க. நம்ப ஊட்டுக்குப் பேரே போடு. ஒளிச்சி இன்னா கண்டோம்."

அப்புறம் வாளியை அவளே எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் தெருவில் இறங்கினாள். அஞ்சலை அத்தை வாசலில் போய் நின்று, 'இந்தா, எங்குளுது எடுத்தாச்சி' என்றாள். அத்தை அம்மாவையும் பாட்டிலையும் பார்த்தார். செஞ்சிக்காரர்கள் போன விதம் அதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டிருந்தது. கிணற்று மூடியைத் தள்ளிவிட்டு, அவரே இறைத்துக் கொடுத்தார். சாத்திய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வெட்டிவேர் போட்ட அம்மா, இந்தத் தடவை ஒன்றும் போடவில்லை என்று கையை விரித்துக் காட்டினார்.

கடைக்கு லீவு போட்டுவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். குடுவைகள் ஒவ்வொன்றாகத் தயிராகத் திரிந்தன. எங்கள் வீட்டுத் தண்ணீருக்கு ஒரு பியூரெட் போதவில்லை. உப்பைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

எங்கள் கிணற்றை ஒன்றாம் நம்பராக, அதற்கு மட்டும் பெயரும் சேர்த்து, எல்லாவற்றையும் படத்தில் குறித்தபோது தெரு தன் கதையைச் சொன்னது. கடலோரத்தில் அதிகம். நடுத்தெருவுக்கு வர வரக் குறைவு. ரோட்டைத் தாண்டினால் உப்பளம் என்கிற எங்கள் கோடியில் மறுபடி அதிகம். கடலை மட்டும் எல்லாரும் வைதுகொண்டிருந்தோம். இந்தப் பக்கமிருந்தும் உப்பு வருவது போலத்தான் தெரிந்தது. அப்பா இறங்கி நிற்கிற பாத்திகள் இருக்கும் பக்கம் அது. அதை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்கியது. அவரிடமே படித்துக் காட்டினேன். இருக்கிறதை எழுது என்றார். எழுதினேன்.

மேசை மேல் ஒரு பாட்டில்

நேர்காணலுக்குப் போன அன்றைக்கு அம்மா இரண்டு பாட்டில் கொடுத்தாள். குடிக்க ஒன்று, காட்ட ஒன்று. மாற்றிக் குடித்துவிடப் போகிறேன் என்று காட்டுகிற பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தாள். அண்ணன் லோடு லாரியிலேயே என்னை பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டான். 'போயிட்டு வா ப்ரொபசர்' என்றான். காலில் புதுச் செருப்பு. அப்பா வாங்கித் தந்தது.

அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மேடம், இரண்டு சார்கள். வழியெல்லாம் உருப்போட்ட இங்கிலீஷ் முதல் கேள்விக்கே தீர்ந்துபோனது. நடுவில் இருந்த வயதான சார், தமிழிலேயே சொல்லும்மா என்றார். அதற்கப்புறம் நான் நிறுத்தவில்லை.

மேடம் என் அறிக்கையைப் புரட்டினார். முதல் தடவை எடுத்த அளவுகளையும் நான் நீக்காமல் ஒரு ஓரத்தில் கொடுத்திருந்தேன். இரண்டு தடவைக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டார். பாட்டில் விட்டு வந்ததைச் சொன்னேன். பிளீச்சிங் பவுடர் வாசனையைச் சொன்னேன். எந்தெந்த வீட்டுத் தண்ணீர் மட்டும் இனித்தது, ஏன் இனித்தது என்று சொன்னேன். இரண்டாவது சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மேடமும் சிரித்தார். வயதான சார் மட்டும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவர் மேசை மேல் இருந்த பாட்டிலைத் தன் பக்கம் இழுத்தார். சிவப்பு நூலைத் திருப்பிப் பார்த்தார்.

"இரண்டாவது தடவை மட்டும் எல்லாரும் சரியான தண்ணியைத்தான் கொடுத்தாங்கன்னு நாங்க எப்படி நம்பறது? இந்த ஒண்ணாம் நம்பருக்கு மட்டும் பேர் போட்டிருக்கே, யார் வீடு?"

"எங்க வீடுதான் சார்" என்றேன். "எனக்கு ஒரு அண்ணன் இருக்காரு. இன்னும் கல்யாணம் ஆகலை."